அம்மன் கோயில் மண்ணில் கோழி எரு

இதை எழுத உட்கார்ந்து, எழுதாமலேயே எழுந்து போனது எத்தனை முறை என்று எனக்கே தெரியாது. ஒவ்வோர் ஆடியிலும் கூழ் ஊற்றி முடிந்ததும், இந்த வருஷம் எழுதிவிட வேண்டும் என்று நினைப்பேன். பேனாவை எடுத்தால் கை நின்றுவிடும். கோயில் விஷயத்தை நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதலாமா என்ற பயம் ஒரு பக்கம். எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கு இதெல்லாம் எதற்கு என்ற வெட்கம் ஒரு பக்கம். வருஷங்கள் ஓடிவிட்டன.

இந்த ஆடியில் கோயிலுக்குப் புதிதாக வந்த ஒரு பெண், நான் யார் என்று தெரியாமல் என்னிடமே சொன்னாள்: “இந்த எடத்துல முழுக்க டீசல் ஊறிக் கெடந்துதாம்மா. அம்மா ஒரே ராத்திரில அத்தனையும் குடிச்சிட்டாளாம்!” சொல்லிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நானும் போட்டுக்கொண்டேன். ஆனால் வீட்டுக்கு வந்ததும் நோட்டை எடுத்துவிட்டேன். இனிமேல் பொறுக்க முடியாது.

எங்கள் கோயில் மராட்டிக்காரர்கள் ஊரான போபோடியில், ரயில் பாதையை ஒட்டிய சந்துக்குள் இருக்கிறது. பக்கத்துக் கட்கியில் பட்டாளத்து வெடிமருந்து ஆலை வேலைக்கு வந்த வட ஆர்க்காட்டுக் குடும்பங்கள் கட்டிய கோயில். என் வீட்டுக்காரரும் அந்த ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்தான். கோயிலுக்குப் பின்னால் நாலு பக்கமும் சுவர் எழுப்பிய ஒரு மண்தரை உண்டு. ஆடி வெள்ளியில் பெண்கள் அங்கேதான் பொங்கல் வைப்போம், மண்சோறு சாப்பிடுவோம். பூசாரி கையால் சோற்றை வாங்கி, இலை இல்லாமல் தட்டு இல்லாமல் வெறும் மண்ணில் வைத்து, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து வாயாலேயே எடுத்து உண்ண வேண்டும். பெரிய வேண்டுதல் இருப்பவர்கள்தான் அதை நேர்ந்துகொள்வார்கள்.

எனக்கும் ஒரு பெரிய வேண்டுதல் வந்தது. தை மாதத்தில் என் மகளுக்குப் பிரசவம். குழந்தை நல்லபடியாகப் பிறந்துவிட்டது, ஆனால் இவளுக்கு ரத்தம் நிற்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு நான் வேறு எதையும் கேட்கவில்லை. “தாயே, அவ எழுந்து உக்காரட்டும். உன் மண்ணுல விழுந்து சோறு எடுக்கறேன்” என்றேன். அவள் எழுந்து உட்கார்ந்தாள். ரவைக் கஞ்சி கேட்டாள்.

வேண்டிக்கொண்ட இடத்தைப் பெருக்கி வைக்கலாம் என்று பங்குனியில் துடைப்பத்தோடு கோயிலின் பின்பக்கம் போனேன். கதவைத் தள்ளியதும் டீசல் வாடை முகத்தில் அறைந்தது. திருவிழா மைக்செட்டுக்கும் சீரியல் விளக்குக்கும் ஓடுகிற ஜெனரேட்டரை அங்கேதான் நிறுத்தியிருந்தார்கள். அது எங்கள் கோயில் கமிட்டித் தலைவருடையது. எங்கள் திருவிழாவுக்கு இலவசமாகக் கொடுப்பார். மற்ற நாளில் கல்யாணங்களுக்கு வாடகைக்குப் போகும். பக்கத்திலேயே டிரம்கள். சில வருஷமாகப் பொங்கலுக்கோ மண்சோற்றுக்கோ யாரும் அங்கே இறங்காததால் எங்கள் கண்ணில் படவில்லை. ஊற்றும்போது சிந்தியது, அடியில் ஒழுகியது என்று வருஷக்கணக்காக இறங்கி மண் கறுத்து, வழவழவென்று கிடந்தது. காலை வைத்தால் தடம் பளபளத்தது. ஒரு புல் இல்லை. கோயிலில் சர்க்கரைப் பொங்கல் சிந்தினால் எங்கிருந்தோ வரிசை கட்டி வருகிற எறும்பு, அந்தத் தரையில் ஒன்றுகூட இல்லை.

தலைவரிடம் போய்ச் சொன்னேன். கெட்ட மனிதர் இல்லை அவர். கோயிலுக்காக அலைந்தவர்தான். ஆனால் சொல்கிறவர் பெண்பிள்ளையாக இருந்தால் அவருக்குக் காது பாதிதான் கேட்கும்.

“அதுக்குத்தாம்மா பேவர் பிளாக் கல்லு போடப் போறோம். சுத்தமா, பளிச்சுன்னு இருக்கும். அதுமேல ஒக்காந்து சாப்டுங்க. எல்லாக் கோயில்லயும் இப்ப அப்படித்தான்.”

“நான் மண்சோறுன்னு நேந்துக்கினேன் அண்ணே. சிமெண்ட் சோறுன்னு நேந்துக்கலயே.”

“கல்லுக்குக் கீழ மண்ணுதானே இருக்குது?”

“டீசலும் இருக்குதே.”

“இன்னாம்மா நீ, மண்ணுக்குப் போயி மல்லுக்கட்டிக்கினு” என்று சிரித்துவிட்டுப் போனைக் காதில் வைத்துக்கொண்டார்.

அன்றைக்கு ராகுகாலப் பூஜைக்கு வந்த பெண்களிடம் இதைச் சொன்னேன். எல்லோருக்கும் ஒரு வேண்டுதல் பாக்கி இருந்தது. முதலில் ஜெனரேட்டர் போக வேண்டும், மற்றதை அப்புறம் பார்ப்போம் என்று பேசிக்கொண்டோம். கேட்டால் போகாது என்பதும் தெரியும்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் ஆளுக்கு மூன்று செங்கல், ஒரு பானை, ஒரு கட்டு சுள்ளியோடு பின்பக்கம் போய் உட்கார்ந்தோம். ஜெனரேட்டரைச் சுற்றி வட்டமாகச் செங்கல் வைத்தோம். பானைக்கு மஞ்சள் கட்டினோம். யாரோ ஓடிப் போய்ச் சொல்லி, தலைவர் வேர்க்க விறுவிறுக்க வந்தார்.

“இன்னா பண்றீங்க? அறிவிருக்குதா? டீசல் டிரம்முக்குப் பக்கத்துல அடுப்பா?”

“பொங்கல் வெக்கற எடம்தானே அண்ணே இது? வழக்கமா வெக்கற எடம்தானே?”

“பத்திக்கும்மா!”

“பத்திக்கிற சாமான அம்மன் முதுகுக்குப் பின்னாடி வெச்சது யாரு?” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. “நாங்க நெருப்பே கொண்டாரல. தோ பாருங்க, தீப்பெட்டி ஒருத்திகிட்டயும் இல்ல. நீங்க எடுத்தப்புறம் கொண்டாரோம்.”

அன்று சாயங்காலமே ஜெனரேட்டரையும் டிரம்களையும் அவர் வீட்டுப் பக்கத்து ஷெட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். போகும்போது, “மிச்சத்த நீங்களே பாத்துக்குங்க. மண்ணத் தோய்ச்சுக் காயப் போடுங்க” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நாங்களும்தான்.

மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொண்ட விதம் இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. தீட்டான இடத்தைச் சாணம் போட்டுச் சுத்தம் செய்வோம் என்பதுதானே நமக்குத் தெரிந்தது? ஆகவே மெழுகினோம். ஆற்றோரம் மாட்டுக்கொட்டகை வைத்திருக்கும் மராட்டிக்காரரிடம் போய்ச் சாணம் கேட்டேன். “கோவரி தட்டப் போறீங்களா மாவ்ஷி?” என்று கேட்டார். கோவரி என்றால் வறட்டி, மாவ்ஷி என்றால் சின்னம்மா. விஷயத்தைச் சொன்னதும் தேவிக்கு என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் அள்ளிக்கொள்ளுங்கள் என்று கொட்டகையைத் திறந்துவிட்டார். எருமைச் சாணம் அவரிடம் மலைபோல் உண்டு. பசுஞ்சாணம்தான் வேண்டும் என்று நாங்கள் பொறுக்கிப் பொறுக்கி எடுத்தோம். கரைத்து, மஞ்சள் சேர்த்து, தரை முழுக்க வழித்து மெழுகி, கோலம் போட்டோம். பார்க்க அவ்வளவு அழகு. கற்பூரம் காட்டி, தீட்டுப் போய்விட்டது என்று நம்பினோம்.

வைகாசியில் முதல் கோடை மழை வந்தது. மெழுகல் பாளம் பாளமாக வெடித்துப் பெயர்ந்தது. தேங்கிய தண்ணீரில் வானவில் மாதிரி எண்ணெய் மிதந்தது. கோலப்பொடியும் அதோடு மிதந்தது.

எங்கள் மாடியில் ஒரு டீச்சரம்மா குடியிருந்தார். கோயம்புத்தூர்ப் பக்கம். கல்லூரியில் ரசாயனம் நடத்துகிறவர். சாமி கும்பிட மாட்டார், ஆனால் சுண்டல் கொடுத்தால் மறுக்க மாட்டார். அவரிடம் புலம்பினேன். “சாணம் போட்டும் போகலயே டீச்சர். எங்க பக்தில ஏதாச்சும் குறையா?”

“பக்திலயும் குறையில்லீங்க, சாணத்துலயும் குறையில்லீங்க” என்றார். “மெழுகுனீங்களே, அதுதான் தப்புங்க. சாணத்துல கண்ணுக்குத் தெரியாத உசுரு கோடிக்கணக்குல இருக்குது. அதுல சிலது டீசலத் திங்கும். சாணம் கூடப் போனா, மண்ணுல ஏற்கெனவே இருக்குற சிலதும் தெம்பு வந்து திங்கும். ஆனா அதுகளுக்கு மூச்சு வேணும், ஈரம் வேணும். நீங்க மேல மூடி போட்டு அமுக்கிட்டீங்க. உள்ள போயித் தோண்டிக் கலக்குங்க.”

இதைக் கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. அவர் சொன்னது ரசாயனம். எனக்குக் கேட்டது வேறு. கண்ணுக்குத் தெரியாத கோடி உயிரை ஒரு கைச் சாணத்துக்குள் வைத்தவள் யார்? அதை அவரிடம் கேட்கவில்லை. சுண்டல் மட்டும் இன்னொரு கரண்டி போட்டேன்.

முழங்கை ஆழத்துக்கு வெட்டினோம். கட்டிகளை உடைத்தோம். இப்போது பசு, எருமை என்று பார்க்கவில்லை. கொட்டகைக்காரர் தள்ளுவண்டியே கொடுத்துவிட்டார். மண் இறுகாமல் காற்றுப் போக ஏதாவது சொரசொரப்பாகச் சேர்க்க வேண்டும் என்று டீச்சர் சொன்னார். கடைத்தெருவில் கரும்புச்சாறு கடையில் மூட்டை மூட்டையாகச் சக்கை கிடக்கும். அதைக் கொண்டுவந்து நறுக்கிப் போட்டோம். ஈரம் எவ்வளவு என்று கேட்டபோது டீச்சருக்குச் சொல்லத் தெரியவில்லை. ஏதோ சதவீதம் சொன்னார். கையில் எடுத்துப் பிடித்துக் காட்டச் சொன்னேன். காட்டினார். “அட, புட்டுக்கு மாவு பிசிர்ற பதம்” என்றேன். பிடித்தால் பிடிபட வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். அதற்கப்புறம் எங்களில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மழைக்குத் தார்ப்பாய் கட்டினோம். வெள்ளிதோறும் பூஜை முடிந்ததும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளறினோம்.

கோயில் மண் என்பதால் வெறுங்காலோடுதான் இறங்கினோம். இரண்டு மூன்று வாரத்தில் எல்லோருக்கும் பாதம் சிவந்து, விரல் இடுக்கில் தோல் உரிந்தது. டீச்சர் என் காலைப் பார்த்துவிட்டுக் கத்தினார். மறுவெள்ளி நான் என் வீட்டுக்காரரின் மழைக்கால ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு கோயில் பின்பக்கம் போனேன். அவ்வளவுதான். பூசாரி வாயில் கைவைத்தார். கமிட்டி ஆட்கள் கூடிவிட்டார்கள்.

“செருப்புக் காலோட அம்மன் மண்ணுலயா? சாமி குத்தம் ஆயிடும்மா!”

“டீசல் டிரம்மு இன்னா, காலக் கழுவிக்கினா உள்ள வந்துச்சு?” என்றேன். “அது நிக்கச்சொல்ல குத்தம் இல்ல, அத எடுக்கறவ பூட்ஸு போட்டா குத்தமா? இந்த மண்ணு நல்லாவட்டும், அன்னிக்கு மொத ஆளா நான் வெறுங்கால்ல வரேன். அதுவரைக்கும் இது ஆஸ்பத்திரி.”

அடுத்த வாரம் எல்லாப் பெண்களும் எதையாவது காலில் மாட்டிக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி பால் கவரைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருந்தாள்.

என் வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர். அன்று சாப்பிடும்போது சொன்னார்: “ஏம்மே, அம்மனுக்கே வைத்தியம் பாக்கறியா நீ?”

“ஆமா. அவ எம்பொண்ணுக்குப் பாத்தா இல்ல?”

அவர் மோரை ஊற்றிக்கொண்டு, “பூட்ஸு அளவு பெருசு. துணி அடைச்சுக்கோ” என்றார்.

பெரிய சண்டை அதற்குப் பிறகுதான். வேலை மெதுவாகப் போகிறது என்று டீச்சர் ஒரு பிடி மண்ணை முகர்ந்து பார்த்துச் சொன்னார். டீசல் தின்கிற உயிர்களுக்கு டீசல் மட்டும் போதாது. நமக்குச் சோற்றோடு பருப்பு வேண்டியது போல, அதுகளுக்கும் ஒரு சத்து வேண்டும், அது மாட்டுச் சாணத்தில் குறைவு, கோழி எருவில் நிறைய என்றார். கொஞ்சமாகச் சேர்த்தால் போதும், அதிகமானால் சூடு.

கோழி எரு! அம்மன் முதுகுக்குப் பின்னால்! கோழிக்கடை மூட்டை தெருமுனையில் இறங்கியபோதே நாற்றம் கர்ப்பகிரகம் வரை போய்விட்டது. தலைவர் வந்தார், செயலாளர் வந்தார், கோயிலுக்கே வராதவர்களும் வந்தார்கள். எங்களோடு மண் கிளறிய பெண்களிலும் சிலர் பின்வாங்கினார்கள்.

“பசுஞ்சாணம் சரி. புனிதம். இது இன்னா கண்றாவி?” என்றார் தலைவர்.

“அண்ணே, ஆடில இந்த வாசல்ல கோழி அறுக்கறோமா இல்லயா?”

“அறுக்கறோம்.”

“கோழியோட உசுர வாங்கிக்கிற அம்மாவுக்கு, கோழியோட எருவு ஆவாதா? ரத்தம் பட்டா புனிதம், எச்சம் பட்டா தீட்டா? அவகிட்டயே கேளுங்க. வேணாம்னு அவ சொல்லட்டும், நானே மூட்டயத் தூக்கிக்கினு போறேன்.”

பூசாரி மெதுவாக உள்ளே போய்ப் பூக்கட்டிப் பார்த்தார். பூக்கட்டுவது என்றால் சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம் கட்டி அம்மன் காலடியில் வைத்து, ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் சம்மதம். பேசியது பேசிவிட்டேன், சிவப்பு வந்தால் மூட்டையைத் தூக்கத்தான் வேண்டும். பிரித்தார். வெள்ளை.

செயலாளர், “இன்னொரு வாட்டிப் பாக்கலாமா?” என்றார்.

“அம்மா ஒரு வாட்டிதான் சொல்லுவா” என்றார் பூசாரி. அந்த ஆள் எனக்காகப் பேசிய ஒரே சொல் அதுதான்.

கோழி எரு கலந்ததும் மண் சூடானது. விடியற்காலையில் தார்ப்பாயைத் தூக்கினால் ஆவி பறந்தது. கையை உள்ளே விட்டால் காய்ச்சல்காரன் வயிறு மாதிரி இருந்தது. வாடை மாறிக்கொண்டே வந்தது: முதலில் டீசலும் நாற்றமும் சேர்ந்து குடலைப் பிடுங்கியது, பிறகு டீசல் குறைந்தது.

ஆனால் ஆடி வந்துவிட்டது. மண் இன்னும் ஆறவில்லை. நான் மண்சோறு சாப்பிடவில்லை. “இவ்ளோ ஆட்டம் ஆடினாளே, சாப்புடட்டுமே பாக்கலாம்” என்று என் காதில் படவே சொன்னார்கள். “நாத்தத்துல எப்படிச் சாப்புடுவா?” என்று இன்னொருத்தி. நான் கருவறை முன்னால் நின்று, “தாயே, கடன மறக்கல. உன் மண்ண கொணப்படுத்திக்கினு வரேன், பொறுத்துக்கோ” என்றேன். பேவர் பிளாக்குகள் வந்து சுவரோரம் அடுக்கிக் கிடந்தன. அடுத்த ஆடி வரைக்கும் பார்ப்போம், ஆகவில்லை என்றால் கல் போட்டுவிடுவோம், அப்புறம் பேச்சே கூடாது என்று கமிட்டியில் முடிவானது. நான் சரி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

மழை நின்றதும் ஒரு மூலையில் வெந்தயம் விதைத்துப் பார்த்தேன். முளைத்தது, இரண்டிலை விட்டு மஞ்சளாகி மடிந்தது. அன்று வீட்டுக்கு வந்து அழுதேன். யாருக்கும் காட்டவில்லை. குளிர்காலத்தில் மண் தூங்கிவிட்டது போல இருந்தது. குளிருக்கு அந்த உயிர்கள் மந்தமாகும் என்று டீச்சர் சொன்னார். எங்களோடு கிளற வருகிறவர்களும் குறைந்தார்கள். சில வெள்ளிகளில் நானும் ஒரு மண்வெட்டியும் மட்டும். அதற்காக நிறுத்திவிடுவேனா? வெயில் ஏற ஆரம்பித்ததும் புதுச் சாணம், புதுச் சக்கை, கொஞ்சம் கோழி எரு. மறுபடி சூடு. மறுபடி கிளறல்.

சித்திரையில் போட்ட வெந்தயம் பச்சையாக நின்றது. ஒரு நாள் அதற்குத் தண்ணீர் தெளிக்கக் குனிந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சுவர் ஓட்டையிலிருந்து ஓர் எறும்பு வரிசை, வெந்தயத்தைச் சுற்றி வளைந்து, தரையின் நடுவே போய்க்கொண்டிருந்தது. எங்கள் வீட்டு அடுப்படியில் எறும்பைக் கண்டால் மஞ்சள் தூள் தூவி விரட்டுகிறவள் நான். அன்று கைகூப்பினேன்.

டீச்சர் மண்ணைக் கல்லூரிக்கு எடுத்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். “நெறய கொறஞ்சிருக்குதுங்க. முழுசாப் போச்சுன்னு சத்தியம் பண்ண மாட்டேன்” என்றார். சாப்பிடலாமா என்று கேட்டேன். “சாப்பிட வேண்டாம்னு சொன்னாக் கேக்கவா போறீங்க? ஒரே கைச் சோறு. மேலாப்புல இருக்கறத மட்டும் எடுங்க. மண்ணுல ஒட்டுன பருக்கைய விட்டுருங்க. எனக்காகங்க.” அது நியாயம் என்று பட்டது. மண்ணில் ஒட்டுகிற பருக்கை மண்ணுக்குத்தான்.

ஆடி மூன்றாம் வெள்ளி. மஞ்சள் சேலை, ஈரத்தலை, வெறுங்கால். சொன்னபடி முதல் ஆளாக நான்தான் இறங்கினேன். மண் பாதத்தில் ஒட்டவில்லை, உதிர்ந்தது. என் மகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றாள். பூசாரி சோற்றைக் கையில் போட்டார். மண்ணில் வைத்தேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தேன். மூக்குக்கு அருகில் மண். டீசலைத் தேடினேன், பொய் சொல்லவில்லை, தேடினேன். மழை பெய்த மண் வாடைதான் வந்தது. சாப்பிட்டேன். எழுந்து பார்த்தால், விட்ட பருக்கைகளைச் சுற்றி எறும்புகள் வந்துவிட்டன.

தலைவர் சுவரோரம் நின்றிருந்தார். செருப்பை எப்போது கழற்றினார் என்று தெரியவில்லை. “ஏம்மா, இந்தக் கல்லெல்லாம் இன்னா பண்றது?” என்றார்.

“உங்க ஷெட்டுல போடுங்க அண்ணே, ஜெனரேட்டருக்குக் கீழ. அதுமேல ஒழுகறத ஏந்த ஒரு தட்டும் வெச்சுடுங்க.”

அவர் சிரிக்கவில்லை. ஆனால் போட்டார். தட்டும் வைத்தார்.

நடந்தது இவ்வளவுதான். இதைத்தான் இப்போது ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். ஒரே ராத்திரி என்கிறார்கள். இரண்டு மழைக்காலம் ஆனது. பசுஞ்சாணத்தின் மகிமை என்கிறார்கள். எருமையும் கோழியும் சேர்ந்து செய்தது. கமிட்டி செய்தது என்றுகூட ஒருவர் சொன்னார். அற்புதம் இல்லையா என்று கேட்டால், அற்புதம்தான். என் அம்மன் செய்தாள். அழுகியதைக் கொண்டு, நாறியதைக் கொண்டு, கண்ணுக்குத் தெரியாததைக் கொண்டு, பால் கவர் கட்டிய எங்கள் கால்களைக் கொண்டு செய்தாள். அவள் செய்த விதத்தைத் திருத்த நாம் யார்?

ஆகவே படிக்கிறவர்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். என் பேரப்பிள்ளைக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது; அந்த மாதிரிப் பிள்ளைகள் உங்கள் வீட்டிலும் இருந்தால் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். மராட்டியிலோ ஹிந்தியிலோ சொல்வதானாலும் சொல்லுங்கள். ஆனால் உள்ளபடி சொல்லுங்கள். மெழுகி ஏமாந்ததை விட்டுவிடாதீர்கள். பூட்ஸை விட்டுவிடாதீர்கள். வாடிப்போன முதல் வெந்தயத்தை விட்டுவிடாதீர்கள். கோழி எருவை, முக்கியமாக, விட்டுவிடாதீர்கள். நாறுகிறதே என்று அதை எடுத்துவிட்டுச் சொன்னால், கேட்டவர்கள் எங்களைப் போலவே மெழுகிவிட்டுக் கற்பூரம் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.